நளீபா கந்தோருக்குப் போகாத காலம்

நளீபாவுக்கு வீசா நாள் என்றால் பெருநாள் மாதிரி.

கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்து, மருதானையில் மின்சாமான் கடை வைத்திருந்த ஜவாதுக்கு மனைவியானவர் அவர். கடவுச்சீட்டு இந்தியாவினது. கணவர் இந்நாட்டவர் என்பதால் இங்கே தங்க அனுமதி. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். அன்றைக்கு ஜவாத் கடையைத் தம்பி ரிம்ஸானிடம் விட்டுவிட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிடுவார். நளீபா நல்ல அபாயாவாக எடுத்துப் போடுவார். வீசாக் கந்தோரில் வரிசையில் நின்று முத்திரை வாங்கியதும், மருதானையில் ஒரு ஹோட்டலில் இனிப்புக்கு இரண்டு வட்டிலப்பம். ஜவாத் தன்னுடையதில் பாதியை அவர் பக்கம் தள்ளுவார்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீங்க என்ட."

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகு இன்னொரு வட்டிலப்பம்."

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். கட்டியவன் ஊர்க்காரன் என்றால் தானும் ஊர்க்காரிதான் என்று நளீபா நினைத்தார். குடும்பமே அப்படித்தான் நினைத்தது. முழுப் பாரத்தையும் ஒற்றை ஆணியில் தொங்கவிட்ட வேலை அது. மகள் ஷிஹாரா லிப்ட் பொறியியலாளர். அவள் பிறகு அப்படித்தான் சொன்னாள்.

கொரோனாவின் முதல் வருடம் முடிகிற நேரத்தில் ஆணி கழன்றது. ஜவாதுக்குக் காய்ச்சல். அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. வீட்டாரை வெளியே வர வேண்டாம் என்று கதவில் தாள் ஒட்டினார்கள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. கொரோனாவில் இறந்தவர் எந்த மார்க்கத்தவரானாலும் எரிக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். எரித்தாகிவிட்டது.

நளீபா ஒன்றைத்தான் கேட்டார். "குளிப்பாட்டினாங்களா?"

போனில் ஷிஹாராவுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் எழுந்து போய் வெள்ளை உடுத்தார். அறை ஜன்னலைச் சாத்தினார். கதவுக்குத் திரை போட்டார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா தொடங்கியது.

அதற்கு நடுவில் வீசா முடிகிறது. இதை முதலில் கவனித்தவள் ஷிஹாரா. வாப்பாவின் அலுமாரியில் உம்மாவின் கடவுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி சிங்களத்தில் பொறுமையாகவே சொன்னார். கணவர் இல்லையென்றால் அந்த வீசாவும் இல்லை. விமானங்கள் ஓடாததால் குறுகிய கால நீட்டிப்புத் தரலாம். ஆனால் வீசா வகை மாறுவதால் அம்மா நேரில் வர வேண்டும். படம் எடுக்க வேண்டும்.

"அவர் வர முடியாது, மிஸ்."

"அப்படியென்றால் இந்தியாக்காரர்களை ஏற்ற ஏதாவது வரும்போது அதில் அனுப்பிவிடுங்களேன். சொந்த ஊர்தானே?"

ஷிஹாரா அதை வீட்டில் வந்து சொன்னபோது திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாப்பா போன பிறகு முதல் சிரிப்பு.

"நான் வந்த கப்பலையே நிப்பாட்டி எத்தின வருஷம்? இப்பதான் திருப்பிக் கூட்டிப் போக ஞாபகம் வந்திச்சாமா?"

அடுத்தது ரிம்ஸான். மௌலவியிடம் விசாரித்துவிட்டே வந்திருந்தார். கணவனின் தம்பியாக இருந்தாலும் இத்தாவில் முகம் பார்க்க முடியாது. ஹோலில் கதிரையைப் போட்டு, திரையைப் பார்த்துக் கதைத்தார்.

"மதினி, அவசியத்துக்குப் பகல்ல வெளிய போகலாமாம். மார்க்கத்துல எடம் ஈக்கி."

"எடம் ஈக்கி தம்பி. நான் இல்லெண்டு செல்லல்ல. ஒங்கட நானாவ அடக்கவும்தான் மார்க்கத்துல எடம் ஈந்திச்சு. விட்டாங்களா?"

ரிம்ஸான் தலையைக் குனிந்தார்.

"குளிப்பாட்டல்ல. கபன் துணி இல்ல. தொழுகை இல்ல. கபுறுக் குழி இல்ல. அவருக்கெண்டு மிச்சம் ஈக்கிறது நான் இருக்கிற இந்த இருப்பு மட்டும்தான். இதையும் வந்து பத்த வைக்கச் செல்லுங்க."

"உம்மா," என்றாள் ஷிஹாரா. "வீசா முடிஞ்சும் இருந்தா நாடு கடத்தலாம். திரும்பி வர ஏலாம தடை போடலாம். விளங்குதா?"

"விளங்குது மகள். ஒனக்கு விளங்குதா?"

ஷிஹாராவுக்கு விளங்கவில்லை. அன்று விளங்கவில்லை. ஒரு வேலையைச் செய்ய வழி இருக்கும்போது செய்யாமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லாதது. மறுபடி கந்தோருக்குப் போனாள். இந்த முறை அதிகாரியே வழி ஒன்றைக் காட்டினார். படுக்கையில் கிடப்பவர்கள் நேரில் வரத் தேவையில்லை. நடக்க முடியாது என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் போதும். ரிம்ஸானின் சிநேகிதர் ஒருவர் டொக்டர். ஒரு மணித்தியாலத்தில் கிடைக்கும்.

ஷிஹாரா வெற்றியோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்ட கால் நல்லாத்தான் ஈக்கி," என்றார் நளீபா.

"ஒரு கடதாசித் துண்டுதானே உம்மா!"

"வர ஏலாண்டு எழுதாதே. வரமாட்டன் எண்டு எழுது. ஏனெண்டும் எழுது."

பிறகு உள்ளேயிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது. "மகள், அண்டைக்கு அந்த போன் வந்தப்ப, நீ ஏன் அவங்களுக்கு ஏசல்ல?"

ஷிஹாரா அன்று "தேங்க் யூ" என்று சொல்லித்தான் போனை வைத்திருந்தாள்.

அடுத்த நாள் கவுண்டரில் விண்ணப்பத்தை வைத்தாள். நேரில் வராத காரணம் என்ற இடத்தில் தெளிவான சிங்களத்தில் எழுதியிருந்தாள்: "இவருடைய கணவரை அடக்கம் செய்ய விடவில்லை. அவருக்காக வீட்டில் இருக்கிறார். முடிந்ததும் வருவார்."

அதிகாரி வாசித்தார். மீண்டும் வாசித்தார். "மிஸ், இது காரணம் இல்லை. நான் சொன்ன சான்றிதழ் எங்கே?"

"அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. நான் லிப்ட் வேலை செய்கிறேன், மிஸ். லிப்டுக்குள் ஆள் சிக்கினால், வெளியே வந்து முறைப்பாடு எழுதித் தாருங்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. நாங்கள்தான் ஏறிப் போகிறோம். நீங்களும் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பலாம்."

"அனுப்ப முடியாது."

"அப்படியென்றால் வரவில்லை என்று எழுதுங்கள்."

எழுதினார்கள். வீசா முடிந்தது. அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் ஷிஹாரா எழுந்தாள். வந்தது மீன்காரராகவோ காஸ் சிலிண்டராகவோ இருந்தது. கடவுச்சீட்டைத் தன் வேலைப் பையில் ஸ்பானர்களோடு வைத்திருந்தாள். யார் வந்தாலும் முதலில் தன்னிடம்தான் கதைக்க வேண்டும்.

இத்தா முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது ரிம்ஸான் மூச்சு வாங்க ஓடிவந்தார். "மதினி, அடக்க விட்டுட்டாங்க! இனி எரிக்க மாட்டாங்களாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நளீபா. "மத்தப் பெண்டுகளுக்கு."

இத்தா முடிந்த மறுநாள் அவர் குளித்து, அந்த நல்ல அபாயாவையே போட்டார். கவுண்டரில் அதே அதிகாரி.

"பிந்தி வந்திருக்கிறீர்கள், அம்மா."

நளீபாவின் சிங்களம் மருதானைக் கடைச் சிங்களம். இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு. பக்கத்துக் கவுண்டர்களும் திரும்பிப் பார்த்தன. "நான் பிந்தவில்லை. முடிந்ததும் வருவேன் என்று சொன்னேன், வந்திருக்கிறேன். அவசரப்பட்டது நீங்கள்தான். அவர் விஷயத்திலும்."

அதிகாரி பேனையை மூடித் திறந்தார். உள்ளே போய் யாரோடோ கதைத்தார். வர நேரம் எடுத்தது. ஷிஹாரா வேலைப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். திரும்பி வந்தவர் தண்டப்பணத் துண்டைத் தந்தார். கடவுச்சீட்டில் மூன்று மாத முத்திரையையும் குத்தினார். "அடுத்த முறை நேரத்துக்கு வாருங்கள்," என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மருதானையில் நளீபா இரண்டு வட்டிலப்பம் சொன்னார். ஒன்றைச் சாப்பிட்டார். மற்றதை யாரும் தொடவில்லை.

"மகள், நான் ஏன் போகல்லண்டு இப்ப விளங்கினதா?"

"ஓம் உம்மா."

"இல்ல, விளங்கல்ல. கேளு. நான் மவுத்தானா என்னய இங்கதான் அடக்கணும். மையவாடியில ஆளுக்கு மூணு பிடி மண் போடுவாங்க தானே? ரிம்ஸான் தம்பிய ஆறு பிடி போடச் செல்லு. மத்த மூணும் வாப்பாக்கு."

அதன்பிறகு ஒவ்வொரு மூன்று மாதமும் அவரே போனார். ஒரு தடவையும் பிந்தவில்லை. போன வருடம், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. வீசாவில் இன்னும் நாள் மிச்சமிருந்தது.

உம்மாவை ஷிஹாராவே குளிப்பாட்டினாள். நகக்கண் வரைக்கும், அவசரமில்லாமல். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை என்பதால், ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிப் போனதும் வாசலிலேயே நின்றாள்.

ரிம்ஸான் திரும்பி வந்தபோது கை கழுவியிருக்கவில்லை.

"போட்டீங்களா சாச்சா?"

"போட்டன். ஆறும் போட்டன். பக்கத்தில நிண்டவர், கணக்குப் பிழைச்சிட்டா எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரியாத்தான் போடுறன் எண்டன்."