நைனாவுக்கு எத்தனை வருஷம் போடுவது

எம்.பி.ஏ.வில் நான் ஃபைனான்ஸ் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மார்க்கெட்டிங் எடுத்தால் ஊர் ஊராக அலைய வேண்டும் என்று நைனா பயந்தார். கவரைப்பேட்டையில் ரயிலேறி சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வருவதே அவருக்குத் தூரம்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்று, ஓவர்டைம் பார்த்து எனக்கு ஃபீஸ் கட்டினார். அத்தனை வருடமும் காண்ட்ராக்ட். இ.எஸ்.ஐ.யும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சென்னை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நுரையீரல் முழுக்கத் தூசி, இனி சரியாகாது, ஐந்து வருடம் தாண்டினால் பெரிது. பக்கத்து ஸ்டூலில் நைனா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாவாம்?"

"மாத்திரை சாப்ட்டா சரியாய்டுமாம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

சங்கத்துக்காரர்கள் கேட்டில் உட்கார்ந்து சண்டை போட்டதில் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. மொத்தமாக இரண்டு லட்சம், இல்லையென்றால் உயிரோடு இருக்கும்வரை மாதம் இரண்டாயிரம். இரண்டில் ஒன்றை அவரே சொல்லலாம்.

நைனாவுக்கு மாதப் பணம்தான் பிடித்தது. "கவர்மெண்டு உத்தியோகஸ்தனாட்டம், மாசம் பொறந்தா துட்டு. இன்னாமே?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், சிரித்து இருமினார். அம்மாவும் சரி என்றாள். மொத்தமாக வந்தால் அவர் தம்பிகள் வந்து நிற்பார்கள் என்ற பயம் அவளுக்கு.

"எதுக்கும் நீ ஒரு தபா கணக்கு போட்டுப் பாரு. அதுக்குத்தான படிக்க வச்சிகினு இருக்கேன்" என்றார் என்னிடம்.

அந்தக் கணக்கைத்தான் கல்லூரியில் நடத்திக்கொண்டிருந்தார்கள். பல வருடங்களுக்கு வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று கண்டுபிடிப்பது. புத்தகத்தில் எத்தனை வருடம் என்று அவர்களே கொடுத்துவிடுவார்கள். இங்கே நான் போட வேண்டியிருந்தது. பேங்க் வட்டி எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். பதினைந்து வருடம் இருந்தால் மாதப் பணம் லாபம். ஐந்து என்று போட்டேன், இரண்டு லட்சத்தில் பாதிகூட வரவில்லை. கால்குலேட்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

ஆலை ஆபீசில் எங்களைக் கூப்பிட்டுப் பேசிய அதிகாரியும் எம்.பி.ஏ.தான். நைனா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மாசாமாசம் வாங்கிக்கோங்க. அதான் உங்களுக்கு நல்லது" என்றார் அதிகாரி, ரொம்ப அக்கறையாக.

முந்தின வாரம்தான் கம்பெனி டாக்டரும் நைனாவைச் சோதித்திருந்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. நான் போட்ட கணக்கையே இந்த ஆளும் போட்டிருக்கிறான், அதே ஐந்தை வைத்து. பற்றிக்கொண்டு வந்தது.

"மொத்தமா குடுத்துடுங்க சார்" என்றேன்.

நைனா திகைத்துப்போனார். "ஏய், இன்னா பேசுற நீ?"

அதிகாரி சிரித்தார். "உங்கப்பாவுக்கு நாப்பத்தாறு வயசுதாம்மா ஆவுது. மாசாமாசம் வாங்கினா எவ்வளவு வரும்னு கணக்கு போட்டியா?"

"போட்டேன் சார்."

"எத்தனை வருஷத்துக்கு?"

என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தே கேட்டார். நைனாவும் என் பக்கம் திரும்பினார். இந்த ஆளை மகள் எப்படி மடக்கப்போகிறாள் என்ற பெருமைதான் அவர் முகத்தில் இருந்தது. பாழாய்ப்போன படிப்பு.

"அஞ்சு" என்றேன்.

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. நைனா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிகாரியிடம், "மொத்தமாவே குடுத்துடுங்க. கையெழுத்து எங்க சார் போடணும்?" என்றார்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னார்.

"அம்மா கேட்டா, இருவது வருஷம் போட்டேன்னு சொல்லு."