கறுப்பு மேல கறுப்பு மீனு

எங்க கடை கீரமங்கலத்துல இருக்கு. ஸ்டிக்கர் வெட்டுற கடை. கம்ப்யூட்டரையும் மெஷினையும் வீட்டுக்காரரு பார்த்துக்குவாரு. மெஷின் கீறி விட்டதுல வேண்டாததை ஊசியால உரிச்சுட்டு, கலர் மேல கலரா ஒட்டுறது நான். எட்டாவதோட நின்னவ. இந்த வேலைக்கு அது போதும்.

அடியில ஒட்டுற கலரு பெருசு. மேல போகப் போகச் சின்னது. அடிக்கலரு ஓரத்துல நூல் மாதிரி தெரியணும். அந்த நூலு ஒரே சீரா இருந்தா படம் எந்திரிச்சு நிக்கும். கோணிச்சுன்னா படுத்துரும்.

கோணலை நான் விரலாலயே கண்டுபிடிப்பேன். ஸ்டிக்கர் மேல விரலை வெச்சு இழுத்தா ஒவ்வொரு கலருக்கும் ஒரு படி இறங்கும். அதனாலதான் என் கண்ணு மங்குனது யாருக்கும் தெரியல.

மெதுவா வந்துச்சு. உள்ளதைச் சொன்னா, நல்லாத்தான் இருந்துச்சு. எதிர்த்த பழக்கடை தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி ஆடும். பஸ்ஸு முதல்ல பஸ்ஸா தெரியாது. தூரத்துல ஒரு வெளிச்சம் பூத்துக்கிட்டே வரும், கிட்ட வந்து பஸ்ஸாகும். பூ மார்க்கெட்டுக்குப் போனா மல்லிகை எங்க இருக்குன்னு மூக்கு சொல்லும். கனகாம்பரத்துக்கு வாசனை இல்ல. அது இல்லாமலே போயிருச்சு.

வீட்டுக்காரருகிட்ட சொல்லல. சொன்னா மேசையை விட்டு எந்திரின்னுவாரு. ஆபரேஷன்னுவாரு. கண்ணுல கத்தி வைக்கிறது. அது தப்பிப் போச்சுன்னா மேசை போச்சு. மேசை இல்லாம எனக்குப் பொழுது எப்படிப் போகும்னு தெரியல.

மணமேல்குடியிலருந்து ஒரு தம்பி வந்தாரு. புதுசா ஃபைபர் படகு வாங்கியிருந்தாரு. அதுக்குக் கறுப்புப் பட்டை, பட்டை மேல மயில்கழுத்து நீலத்துல மீன் கூட்டம், அதுக்கும் மேல மஞ்சள்ல மக பேரு. அதுதான் கேட்டாரு.

பட்டையும் பேரும் வெட்டியாச்சு. மீனு வெட்டுற அன்னைக்கு வீட்டுக்காரரு அறந்தாங்கிக்கு போர்டு அளவெடுக்கப் போயிட்டாரு. டிசைன் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, ரோலை மாட்டி பட்டனை அமுக்குனாப் போதும். ரோலுங்க மூலையில வரிசையா நிக்கும். நான் இடத்தை வெச்சுத்தான் எடுப்பேன். முந்துன நாளு கடையைக் கூட்டுனப்ப அவரு ரோலுகளை இடம் மாத்தி வெச்சுட்டாரு. எனக்கு அது தெரியாது.

நீலம் நிக்கிற இடத்துல இருந்ததை மாட்டி வெட்டி, சோப்புத் தண்ணி தெளிச்சு பட்டை மேல ஒட்டினேன். தண்ணி இருக்குற வரைக்கும் மீனு ஓரிடத்துல நிக்காது. விரலுக்கடியில நழுவும், திரும்பும். இடம் வந்ததும் தண்ணியை ஓரத்துக்குத் தள்ளிட்டா அப்படியே நின்னுரும். வெளிய மழை மூட்டம். முழிச்சிருக்கேனா கண்ணசந்துட்டேனான்னே தெரியல. ஒவ்வொரு மீனா வந்து நின்னுச்சு.

சாயந்தரம் வீட்டுக்காரரு வந்தாரு. பின்னாலயே அந்தத் தம்பியும் வந்தாரு. தம்பி ஷீட்டை அங்கிட்டு நின்னு பார்த்தாரு, இங்கிட்டு நின்னு பார்த்தாரு.

“அக்கா, மீனு எங்கக்கா?”

“இருக்குல்ல.”

“காணோமே. வலையப் போட்டுத்தான் தேடணும் போல.”

“வெளையாடாதீங்க தம்பி. தடவிப் பாருங்க.”

தடவுனாரு. சிரிச்சுட்டாரு. “ஆமாண்ணே! கைக்கு மாட்டுது, கண்ணுக்கு மாட்டல.”

வீட்டுக்காரரு குனிஞ்சு பார்த்தாரு. கறுப்புப் பட்டை மேல கறுப்பு மீனு. மூலைக்குப் போயி ரெண்டு ரோலை எடுத்துட்டு வந்து என் முன்னால நீட்டுனாரு.

“இதுல எது நீலம்?”

ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

“வெளிச்சம் பத்தலீங்க.”

“ட்யூப்லைட்டு ஒந்தலைக்கு மேலதான் எரியுது.”

தம்பி வெளிய போயி நின்னுக்கிட்டாரு.

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளா.”

“வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“சொன்னா ஊசியப் புடுங்கிருவீங்க.”

அவரு ரோலுகளை மூலையில கொண்டுபோயி வெச்சாரு. வெச்ச எடத்துலயே நின்னாரு.

“ஊசியை ஏன் புடுங்குறேன்? நானா உரிக்கப் போறேன்? எனக்கு அந்தப் பொறுமை இருந்தா ஒன்னை எதுக்கு உக்கார வெச்சுருக்கேன்? போயி கண்ணைக் காட்டு. மீனு அப்படியே கெடக்கட்டும்.”

தம்பி வெளியிலருந்தே சொன்னாரு: “எனக்கு அவசரமில்லண்ணே. பேரு இல்லாட்டியும் படகு மெதக்கும்.”

கண்ணுல புரைன்னாங்க. புதுக்கோட்டையில ஆபரேஷன். ஒரு கண்ணுக்கு மட்டும். வலிக்கல. பயந்ததுதான் மிச்சம். மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. எதிர்ல ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்துச்சு. நீல வாளி. அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இம்புட்டு நீலமாவா இருந்துச்சு எல்லாம்? நர்ஸம்மா கேட்டாங்க, “என்னம்மா, வாளி வேணுமா?”

டாக்டர் சொன்ன வரைக்கும் வீட்டுல கெடந்தேன். பெறகு மேசைக்குப் போனேன். கறுப்பு மீனை உரிக்கல. அது மேலயே நீல மீனை ஒட்டினேன். விரலை வெச்சுப் பார்த்தா ஒரு படி கூட இருந்துச்சு. மஞ்சள் பேரையும் ஒட்டினேன்.

படகுல ஒட்டுறதுக்கு மணமேல்குடிக்கு நானும் போனேன். கடலு பழுப்பும் பச்சையுமா, அலையே இல்லாம கெடந்துச்சு.

“கடலு நீலமே இல்லீங்களே,” ன்னேன்.

“தம்பி மீனைத்தான் நீலத்துல கேட்டாரு. கடலை யாரு கேட்டா?” ன்னாரு வீட்டுக்காரரு.

ஷீட்டை அவரு புடிச்சாரு, நான் தேய்ச்சேன். தம்பி தூரப் போயி நின்னு பார்த்தாரு. “இப்ப நீந்துதுக்கா,” ன்னாரு.

நான் புதுக்கண்ணை மூடினேன். பழைய கண்ணுல மீனு இல்ல, கறுப்பா ஒரு தண்ணிதான். தொறந்தேன். எல்லா மீனும் வந்துருச்சு. மூடினேன், போயிருச்சு. தொறந்தேன்.

“யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிற?” ன்னாரு வீட்டுக்காரரு.

“மீனைப் பார்த்துத்தான்.”

“அடுத்த கண்ணுக்கு எப்பப் போறது?”

“போவோம். மேசையில ரெண்டு வண்டிக்கு ஒட்டுற ஸ்டிக்கர் உரிக்காம கெடக்கு. முடிச்சுட்டுப் போவோம்.”

சரின்னாரு.