அடுத்த தார்ப்பாயில் குராமோச்சி

எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் குராமோச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவரைக் கவனித்தவர்களும் கிடையாது. வருடாவருடம் செர்ரி பூத்ததும் விடியும் முன்பே நகோயாவின் பெரிய பூங்காவுக்குப் போய், குளக்கரை மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து பூப் பார்க்க எங்களுக்கு இடம் பிடிப்பது அவர்தான். மதியம் நாங்கள் போய்ச் சொகுசாக உட்காருவோம். உட்கார்ந்த கையோடு எங்கள் பிரிவுத் தலைவர் நெஸு, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டி ஆரம்பிப்பார்: "குராமோச்சி சான், ஐஸ் தீந்துருச்சே." அப்புறம் பீர், அப்புறம் நூடுல்ஸ், கடைசியில் குப்பை. மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. பூப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் தார்ப்பாயை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இம்பே சான், இந்த ஒரு வாட்டியாவது உக்காந்து பூவைப் பாத்துடணும்."

மறுநாள் நாங்கள் போனபோது எங்கள் தார்ப்பாயில் அவருடைய பை மட்டும் இருந்தது. ஆள் அடுத்த தார்ப்பாயில், முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு அவர் கிளாஸில் பீர் ஊற்றினார்கள்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. காலையில் கழிவறைக்குப் போய்த் திரும்பியவர், தூக்கக் கலக்கத்தில், ஆளில்லாமல் கிடந்த பக்கத்து நீலத் தார்ப்பாயில் ஷூவை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்தத் தார்ப்பாயை விரித்திருந்த குளிர்பெட்டி கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தால், நடுவில் நரைத்த தலை. தங்கள் தலைமை அலுவலகத்துப் பெரிய மனிதர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "நீங்க யாரு?" என்று கேட்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வருமா? செத்தாலும் வராது. விழித்த இவரோ, புதிதாக எங்களோடு சேர்ந்த கிஃபு கிளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார். அவரும் கேட்கவில்லை.

"போய்க் கூப்பிடலாமே?" என்றேன்.

"சும்மா இருங்க இம்பே சான்! அவருக்கும் மானக்கேடு, அவங்களுக்கும் சங்கடம்," என்றார் நெஸு. ஆகவே, ஐஸ் இல்லாமல் சூடாகிப்போன பீரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

அங்கே அவர்களுடைய தலைவர், தொப்பை வைத்த ஓனிட்சுகா, கைதட்டினார். "ஐயா நம்ம பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும்!"

குராமோச்சி எழுந்தார். காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. "இத்தனை வருஷமா இடம் புடிச்சிருக்கேன். உக்காந்து பாக்குறது இன்னிக்குத்தான். பூ... நல்லாத்தாங்க இருக்கு."

கைதட்டல் பறந்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் இந்தப் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. நெஸுவுக்குப் பொறுக்கவில்லை. "குராமோச்சி சான், ஐஸ்..."

ஓனிட்சுகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து, நெஸுவுக்கு இடுப்பொடியக் குனிந்து வணங்கினார். "மன்னிச்சுக்கங்க, ஐயா இன்னும் கிளாஸ காலி பண்ணல. கொஞ்ச நேரம் எங்களுக்கு விட்டுக்குடுக்கணும்."

அப்படிக் குனிந்து கேட்டால் மறுக்க முடியுமா? நெஸுவும் குனிந்தார். பிறகு வேறு வழியில்லாமல் தன் ஷூவைத் தேடி மாட்டிக்கொண்டு, ஐஸ் கடை வரிசையைப் பார்த்து நடந்தார்.

பழக்கதோஷம், குராமோச்சி பாதி எழுந்துவிட்டார். "இருங்க, நானே போயிட்டு..."

பொது இடத்தில் நான் கத்தியது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். "உக்காருங்க குராமோச்சி சான்! பூவைப் பாருங்க!"

உட்கார்ந்துவிட்டார்.