உமி போகாத ஓட்ஸ்

“ஆபீஸ்ல நீ கிண்டிக் குடிக்கற கஞ்சிச் சரக்கையா எருமைக்கு வெதைக்கப் போற? மொதல்ல அது திங்குமா?”

அம்மா அப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு ஹைதராபாத் வந்தவள் அவள். அப்பா இறந்தபின் எருமை வளர்த்து, குகட்பள்ளி காலனி வீடுகளுக்குப் பால் ஊற்றி என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை, வீட்டில் நான் சொல்வதே முடிவு.

குளிர்காலத்தில் பசும்புல்லுக்கு அலைய வேண்டியிருந்தது. ஓட்ஸ் அந்தப் பருவத்தில் செழிக்கும், மாடுகள் விரும்பித் தின்னும் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் படித்துவிட்டுத் தீவன விதை வாங்கிவந்தேன். ஏரியை ஒட்டிய குத்தகை நிலத்தில், தீபாவளி கழிந்து விதைத்தோம். பொங்கலுக்குப் பயிர் இடுப்புயரம் நின்றது. அம்மா ஒரு பிடி அறுத்துப் போட்டாள். தின்று முடிக்கும்வரை எருமை தலையைத் தூக்கவே இல்லை.

“இப்ப அறுக்க வேணாம்மா. முத்தட்டும். கடையில டப்பால விக்கறது இதுதான்.”

“முத்தினா தட்டு காஞ்சு போயிடுமே. பச்சைக்குன்னுதானடி போட்டோம்?”

“எனக்குத் தெரியும்மா.”

“சரி, நீ படிச்சவ,” என்று அரிவாளைக் கூரையில் செருகினாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ‘எங்க ஃபார்ம் ஓட்ஸ்’ கொண்டுவருவதாக மாதாப்பூர் ஆபீஸில் சொல்லியிருந்தேன். ஃபார்ம் என்றால் யார் கண்ணிலும் சாணியும் பால்கேனும் படாது. எங்கள் டீம் லீடான திருநெல்வேலி அக்கா, “எனக்கு ரெண்டு டப்பா, பிள்ள,” என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்.

கதிரை அடித்துத் தூற்றி மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் தெலுங்கில், “ஏந்தம்மா இதி, வட்லா?” என்றார். நெல்லென்று நினைத்துவிட்டார். “ஓட்ஸ்,” என்றேன், அவர் கேட்டேயிராத பெயரைச் சொல்லும் மிடுக்கோடு. உமியும் சேர்ந்தே அரைபட்டது. சலிக்கச் சலிக்க ஊசியாய் வந்துகொண்டேயிருந்தது. வெந்தால் இளகிவிடும் என்று நினைத்துக் கஞ்சி காய்ச்சி ஆபீஸுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா முதல் வாயிலேயே நிறுத்தி, நாக்கிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார்.

“ஏ பிள்ள, கஞ்சிதானா இது? வெளக்கமாத்தக் கரைச்சுக் கொண்டாந்தியா?”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது காது எரிந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிட்டது. வீட்டில் நடந்தது அப்படி ஓயவில்லை. எருமைகளுக்கு மிஞ்சியது காய்ந்த தட்டு, வெறும் தண்டுதான். பால் குறைந்தது. வருடக்கணக்காக எங்களிடம் வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பாக்கெட் பாலுக்கு மாறின. பக்கத்து வீட்டம்மா கேட்டபோது அம்மா, “வெயிலு முன்னாடியே வந்துட்டுது, பயிரு காஞ்சுட்டுது,” என்றாள். எனக்காக அவள் பொய் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து படித்தேன். பயிர் இளசாக இருக்கும்போது ஒருமுறை தீவனத்துக்கு அறுத்துவிட்டு, மறுபடி தழைப்பதைத் தானியத்துக்கு விடலாம் என்று அதிலேயே, சற்றுக் கீழே, இருந்தது. பீற்றிக்கொள்ளத் தேவையான அளவு மட்டும் நான் படித்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் ஓட்ஸ்தான் விதைத்தோம். பூவெடுத்ததும் அறுத்தோம். பால் பழையபடி ஏறியது, வாங்கத்தான் ஆளில்லை.

“விட்டுப் போனவங்க வாசல்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போயி நிக்கறது?” என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானே கேனைத் தூக்கினேன். டீம் லீட் அக்காவின் வீடும் அதே காலனியில்தான். முதலில் அங்கேதான் போனேன். மணியை அழுத்தினேன்.

“யாரு?” என்று உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“பால்,” என்றேன்.