அம்மாவின் மங்கு

அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. என் கல்யாணத்துக்குள் அதைப் போக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். போனில் விளம்பரம் பார்த்து நான்தான் வாஷியில் ஒரு கிளினிக்கைப் பிடித்தேன். தாராவியிலிருந்து இருவரும் போனோம். உட்கார்ந்ததுமே ஒரு பெண் அம்மாவின் முகத்தில் மரத்துப்போகும் கிரீமைத் தடவினாள். பிறகு லேசர் மிஷினையும் அவளே உருட்டி வந்தாள்.

"டாக்டர் கிதர் ஹை?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் சனிக்கிழமைதான் வருவார் என்றும், தானே செய்துவிடுவதாகவும் இந்தியில் சொன்னாள் அந்தப் பெண்.

அம்மா நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள். "வாட்டி, போவோம். மூஞ்சியக்கூட சரியா பாக்காம மிசினத் தூக்கிட்டு வாரா."

கிரீமை முந்தானையால் துடைத்துக்கொண்டே ரயில் ஏறினாள். உதடு மரத்துப் பேச்சு குழறியது. என்னைத் திட்டத் தொடங்கியவள், தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்துவிட்டாள்.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன செம்பூர் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவரே விளக்கடியில் முகத்தை நிதானமாகப் பார்த்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார்.

"இப்போ லேசர் வேண்டாம்மா. சில பேருக்கு இன்னும் கருத்துப்போயிடும். சன்ஸ்கிரீனும் இந்தக் களிம்பும் போடுங்க. முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "இவியள நம்பலாம்ட்டி. முழுசா போவாதுன்னு நேராச் சொல்லுதாவள்லா."

கல்யாணத்தன்று மங்கு பாதிதான் வெளுத்திருந்தது. மேக்கப் போட வந்தவள் மறைத்துவிடவா என்றபோது அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டு, போட்டோவுக்கு என் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றாள்.