டிவிக்குச் சுற்றிய திருஷ்டி

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் டிவியில் பாடினாள். ஒரு நிமிஷம்தான். அதைக் கேசட்டில் பதிவு செய்து, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து... ரீவைண்ட், மறுபடி ரீவைண்ட் என்று நாலு தரம் காட்டினார்கள். காபி மட்டும் ஒரு தரம்தான் வந்தது.

ரீவைண்டே இல்லாத நாளில், சென்னை பாடியில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்த கூத்து ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்துப் போர்ஷன் லோகநாதன் ஃபேக்டரியில் லேத் ஓட்டுவார். லீவு நாளில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் பாங்கோஸ் என்கிற ஜோடிக் கொட்டு வாசிப்பார். மனைவி கஸ்தூரிக்கு அதில் ஏகப் பெருமை. அவளுடைய அப்பாவுக்கு? நூம்பலில் நிலம் வைத்திருந்த மனிதர். மாப்பிள்ளை எதையோ தட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"அத்த வித்துட்டு ஒழுங்கா ஓவர்டைம் பாக்கச் சொல்லு" என்று பொங்கலுக்கு வந்தவர் ஒரே பிடியாக நின்றார்.

"அவரு டிவியில வரப் போறாரு நைனா!"

"டிவிலயா? வரட்டும். அப்பால நான் வாயத் தொறக்கல. வரலன்னா வித்துடணும், ஆமா!"

திருவிழாவில் ஊரே திரண்டு கேட்டால் மரியாதை இல்லை. பெட்டிக்குள் ஒரு நிமிஷம் வந்தால் மரியாதை! அந்தக் காலம் அப்படி. இந்தக் காலம் மட்டும் என்னவாம்?

கஸ்தூரி சொன்னது நிஜம்தான். அப்போது வாராவாரம் சாயங்காலம் ஒரு காமெடி சீரியல் வரும். அந்த வாரக் கதையில், குடியிருப்பு ஆண்டு விழாவில் பல்சுவை இசை நிகழ்ச்சி. செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நானேதான் பாடுவேன் என்று அடம் பிடிப்பார். அவருக்குப் பின்னால் வாசிக்க லோகநாதனின் ட்ரூப்பைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தெருவில் பாதி எங்கள் ஹாலில். பாவம், லோகநாதனுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிப்ட். டிவிக்கு நேரே நாற்காலி போட்டு நைனாவை உட்கார வைத்தாள் கஸ்தூரி.

செயலாளர் பாட ஆரம்பித்தார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வாத்தியக்காரர்கள் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்று வலி. கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. திடீரென்று பாங்கோஸ் சத்தம் தனியாகக் கேட்டது.

"தோ... வந்துட்டாரு!"

தயாராக வைத்திருந்த கற்பூரத்தை ஏற்றினாள். இத்தனை கண்ணும் புருஷன் மேல் விழுகிறதே, திருஷ்டி படாதா? தட்டோடு டிவி முன்னால் நின்று சுற்றினாள் – இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும் புகையும்தான்.

"நவுரும்மா! ஒண்ணுமே தெரியல!" நைனா கத்தினார்.

நகர்ந்தாள். பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். புருஷனின் பாங்கோஸுக்கு இவளே வேட்டு வைத்துவிட்டாளே!

"வந்தாரா?" என்றார் நைனா.

"இன்னா நைனா இப்டி கேக்கற? பளிச்சுனு வந்தாரு! சிரிச்சிகினே வாசிச்சாரு!"

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

நைனா அவள் முகத்தைப் பார்த்தார். கையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தையும் பார்த்தார்.

"கற்பூரத்த கையில வச்சிகினு பொய்யா சொல்லப் போற? செரி, வாசிச்சுக்கட்டும்."

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. அப்புறம் பாங்கோஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை அடிபம்பில் கஸ்தூரியைப் பிடித்தேன். "எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல. மூஞ்சி நல்லா தெரிஞ்சுதா?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"மூஞ்சி எங்கக்கா வந்துச்சு? அந்தப் பாட்டுக்காரன் மண்ட மறைச்சிகிச்சு. முழங்கைதான் தெரிஞ்சுது... ஆனா இன்னாமா வாசிச்சுது தெரியுமா!"