மாமா கடைசியாகச் சொன்னது

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். பெங்களூரில் ஓர் இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த அத்தை, புத்தகம் எழுதி முடிப்பதற்காக நீண்ட விடுப்பு வாங்கியிருந்தாள். துணிமணிக்கு ஒரு சின்னப் பை, ஜெராக்ஸ் தாள்களுக்கு இரண்டு டிரங்குப் பெட்டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவற்றை ஏற்றி வந்த ரிக்‌ஷாக்காரர் உள்ளே இருப்பது இரும்பா என்று கேட்டார். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற திண்டுக்கல்லில் அது நியாயமான கேள்விதான்.

அத்தையின் ஆராய்ச்சியைப் பற்றித் தெருவுக்கெல்லாம் விளக்கியது அப்பா. முந்நூறு நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருந்த சீர்திருத்தச் சபைக்காரர்கள் வீட்டில் எப்படி ஜெபம் பண்ணினார்கள், தனியாக இருக்கும்போது கடவுளிடம் என்ன சொல்லி அழுதார்கள், வியாதியில் விழுந்தால் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையெல்லாம் என் தங்கச்சி கண்டுபிடிக்கிறாள் என்பார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. கேட்டவர்களோ, அவ்வளவு படித்தவள் தலையில் கைவைத்து ஜெபித்தால் மூட்டுவலி போகும் என்று நம்பி வந்தார்கள். அத்தை மறுக்காமல் ஜெபித்தாள். ஆனால் வந்தவர்கள் முக்காட்டைச் சரிசெய்து கண்ணை மூடுவதற்குள் ஆமென் வந்துவிடும். இரண்டாம் முறை யாரும் வரவில்லை.

செத்துப்போன வெள்ளைக்காரர்கள் எப்படி ஜெபித்தால் நமக்கென்ன என்பது அம்மாவின் அபிப்பிராயம். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தை தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் அறையைப் பெருக்கும்போது மட்டும் விளக்குமாறு கொஞ்சம் சத்தமாகப் போகும்.

அந்த நாட்களில் அம்மா யாரிடமுமே அதிகம் பேசவில்லை. அத்தை வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் மாமா இறந்திருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். சாணார்பட்டிப் பக்கத்தில் தோட்டம் வைத்து மல்லிகையும் தக்காளியும் போட்டிருந்தார். காலையில் மொபெட்டில் பூவைக் கொண்டுவந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுப் போவார். கோயிலுக்கு அவர் வருவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை ஆகியவற்றுக்கு மட்டும். அறுப்பின் பண்டிகையில் தான் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயைத் தானே ஏலத்தில் போட்டி போட்டு எடுப்பார். சபையே சிரிக்கும்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தும் தெளியவில்லை. கடைசி நாளன்று போதகர் பார்க்கப் போய், நெற்றியில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்திருக்கிறார். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டு, வாயில் வரக்கூடாத வார்த்தைகளால் திட்டி, உன் சாமியும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாராம். அன்று சாயங்காலமே உயிர் போய்விட்டது. அப்போது அருகில் இருந்தது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அவள் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும்.

பெரியம்மா தன் ஊரில் ஒரு ஜெபக்குழு நடத்தி வந்தாள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவாள். தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது.

“கூப்பிட வந்தவரைத் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான்.”

அழாமல் சொல்வாள். கூட வரும் பெண்கள் தலையாட்டுவார்கள். மாமா எங்கே போயிருப்பார் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மிச்சமிருக்கும் குடும்பமாவது நரகத்தில் விழுந்துபோகாமலிருக்க உபவாசம் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மா இருந்தாள். உபவாசம் முடிந்த பிறகும் சரியாகச் சாப்பிடவில்லை. நற்கருணை ஞாயிறுகளில் அப்பமும் திராட்சரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போகும்போது அம்மா மட்டும் கால்களை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்தே இருப்பாள். அவனுக்கு இல்லாத பந்தி எனக்கு எதற்கு என்று அப்பாவிடம் கேட்டாளாம்.

இது எதுவும் அத்தைக்குத் தெரியாது. மாமா காய்ச்சலில் இறந்தார் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மற்றதைச் சொல்லக்கூடாது என்று அம்மா எனக்கும் அப்பாவுக்கும் கட்டளை போட்டிருந்தாள். “ஒங்க தங்கச்சி இதுக்குன்னே படிச்சவ. அவ வாயால சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியாது” என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அரைப்பரீட்சை லீவில் ஒரு சனிக்கிழமை. பெரியம்மா வந்து அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் அத்தையின் அறையில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொடக்கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தாளில் பழைய காலத்துப் படம் இருந்தது. திரைபோட்ட கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். சுற்றிலும் ஆட்கள். ஒருவர் மடியில் பலகை வைத்து எழுதுகிறார்.

இவர் என்ன எழுதுகிறார் என்று கேட்டேன். படுத்திருப்பவர் சாகப்போகிறார், அவர் கடைசியாகப் பேசுவதை எழுதிக்கொள்கிறார், பிறகு அதை அச்சடித்து எல்லோரும் வாசிப்பார்கள் என்றாள் அத்தை. அமைதியாக, வசனம் சொல்லி, எல்லோரையும் ஆசீர்வதித்துச் செத்தால் அந்த மனிதர் ரட்சிக்கப்பட்டவர் என்று பலர் நம்பினார்களாம். அதனால் சாகிறவரைச் சுற்றி உட்கார்ந்து கவனித்தார்களாம்.

“கெட்ட வார்த்த பேசிட்டுச் செத்தா?” என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். “ஏன் கேக்குற?”

அம்மாவின் கட்டளை ஞாபகம் வந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு பெட்டி நிறையத் தாள் வைத்திருக்கிறவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது என்றும் தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா போதகரைத் திட்டியது, பெரியம்மா சொல்வது, அம்மா பந்திக்குப் போகாதது, எல்லாம்.

அத்தை அந்தப் படத்தை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அடுத்த அறையில் இத்தனை நாளாக இது நடந்துகொண்டிருக்க, அவள் இங்கே உட்கார்ந்து இங்கிலாந்துக்காரர்களின் மரணப்படுக்கைகளைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதி முடித்திருந்தாள். பிறகு எழுந்து, ஒரு பெட்டியைத் திறந்து அடிவரை துழாவி, சில தாள்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. அரிவாள்மனையை மடக்கிவைத்தாள்.

“சொல்லிட்டாளா?”

“சொன்னா மதினி” என்று அத்தை தரையில் உட்கார்ந்தாள். “இதை வாசிச்சுச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் அவளை அடிங்க.”

ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து அவள் தமிழில் சொன்னாள். எழுதியவர் இங்கிலாந்தில் நானூறு வருஷங்களுக்கு முன்னால் இருந்த ஒரு போதகர். சாகிற நேரத்தில் ஒருவர் பிதற்றுவதையும் தூஷணம் பேசுவதையும் வைத்து அவர் ஆத்துமாவுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தார். சுரம் தலைக்கேறினால் வாயில் வருவது வியாதியின் பேச்சே தவிர அந்த மனிதரின் பேச்சு இல்லை. ஒருவர் எப்படிச் செத்தார் என்று பார்க்காதீர்கள், எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். இதுதான் சாரம். அத்தை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, சரியான வார்த்தை தேடி, சில இடங்களில் திருத்திச் சொன்னாள். வகுப்பு எடுப்பது போல இருந்தது.

பெரியம்மாதான் முதலில் வாய்திறந்தாள். “வெள்ளக்காரன் எழுதிட்டா சரியாப் போச்சா?”

“அவங்க ஊர்லயும் ஒங்கள மாதிரி பயந்தவங்க நெறைய இருந்திருக்காங்கக்கா. அவங்க வந்து கேட்டுத்தான் இவர் இதை எழுதியிருக்கணும்.”

பெரியம்மா வெகுநேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அத்தையைப் பார்க்காமல் கேட்டாள். “காச்ச ஏறுனா ஆள் அடையாளமும் தெரியாதுன்னு அதுல போட்டிருக்கா?”

அது இந்தத் தாளில் இல்லை, ஆனால் தெரியாமல் போகும் என்று டாக்டர்கள் சொல்வார்கள் என்றாள் அத்தை.

“என்னையும் தள்ளிவிட்டான். அக்கா வந்திருக்கேன்டா அப்புன்னு சொல்றேன், நீ யாருடின்னு கேட்டான். நான்தான அவனத் தூக்கி வளத்தேன்.”

இதைப் பெரியம்மா அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். பெரியம்மா தம்பிக்காக அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா நகர்ந்து போய் அக்காவின் முதுகில் கைவைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள். அத்தை தாள்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள்.

கொஞ்சம் ஓய்ந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் திரும்பினாள்.

“நீ சொல்லு. இம்புட்டுப் படிச்சிருக்கியே. என் தம்பி எங்க இருக்கான்?”

நான் அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை சொல்லப்போகிறாள், அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

“அந்தப் போதகர் இப்படித்தான் எழுதினார்ங்கறது எனக்குத் தெரியும் மதினி. ஒங்க தம்பி எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரிவாள்மனையை விரித்து மிச்சக் கத்தரிக்காயை நறுக்கினாள். மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மாமாவின் பூசணிக்காய் ஏலத்தைப் பற்றிப் பெரியம்மா ஏதோ சொல்ல, அம்மா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். என்னை யாரும் அடிக்கவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறன்று எங்கள் வரிசை எழுந்தபோது அம்மாவும் எழுந்தாள். அத்தைக்கு முந்திப் போய்ப் பீடத்தின் முன் முழங்கால்படியிட்டாள். பெரியம்மா ஜெபக்குழுவை நடத்திக்கொண்டுதான் இருந்தாள். அந்த வாக்கியத்தை மட்டும் அப்புறம் அவள் சொல்லிக் கேட்டதில்லை. அத்தை மறுவருஷம் பெங்களூருக்குத் திரும்பினாள். நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் அவள் புத்தகம் வெளிவந்தது. கனமான ஆங்கிலப் புத்தகம், பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பு. அப்பா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அத்தையின் மேல் எனக்கிருந்த கோபம் லேசில் போகவில்லை. பரலோகத்தில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ரெண்டு பெட்டித் தாளைப் படித்தும் தெரியாது என்கிறாளே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அதைக் கேட்டபின் அம்மா எப்படிச் சோறு தின்றாள் என்பது அதைவிடப் பெரிய புதிராக இருந்தது. மாமா இறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசல்படி ஏறியவர்களில், தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அத்தை என்பதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.